கரையான் வவுத்துக்கு உறை ஊத்துன கதை

பாண்டிச்சேரில கோடிக்கணக்குல உயிர காப்பாத்துன ஆளு யாருன்னு யாராவது கேட்டா, பெரிய ஆஸ்பத்திரி பக்கம் கைய காட்டாதீங்க. என்ன காட்டுங்க. ஒரே சாயங்காலத்துல, அதுவும் வெளக்கு வெக்கறதுக்குள்ள, கோடிக்கணக்குல காப்பாத்துனேன்.

பொய்யிதான். காப்பாத்துனது ஒரு பொண்ணு. நான் கண்ண இறுக்கி மூடிக்கினு ஏணிய புடிச்சிக்கினு நின்னேன், அவ்ளோதான். அந்த உயிருங்க சாவக் கெடந்ததே என் வாயாலதான். ஆனா கோடிக்கணக்குன்னு சொன்னது மட்டும் நெசம். அம்பூட்டு உயிரும் ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள இருந்துச்சி. டப்பாக்குள்ள இருந்த கரையான் வவுத்துக்குள்ள இருந்துச்சி.

எனக்கு எழுத வராது. ஃபோன்ல பேசறேன், அதுவா எழுதிக்குது. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துக்கல, பள்ளிக்கூடத்துக்கு என்ன ஒத்துக்கல. வாத்தியாரு பலகைல எழுதறது எல்லாம் எனக்கு கம்பளிப்பூச்சி ஊர்ற மாரி இருக்கும். அதான் பின்னாடி பூச்சித் தொழிலுக்கே வந்துட்டேன்னு நெனைக்கிறேன். முதுவுல டேங்க மாட்டிக்கினு, மூக்குல துணிய கட்டிக்கினு, வூடு வூடா போயி கரப்பான், மூட்டப்பூச்சி, கரையான்னு கண்டதுக்கும் மருந்தடிக்கிற வேலை. எங்க வூட்ல மட்டும் அடிக்க முடியாது. என் பொண்டாட்டி மருந்து வாடையோட என்ன உள்ளயே வுட மாட்டா. வெளிய குழாயடில குளிச்சிட்டுதான் வாசப்படி மிதிக்கணும். அதனால பாண்டிலயே கரப்பானுக்கு ஆயுசு கெட்டியா இருக்கற வூடு எங்க வூடுதான். ராத்திரி லைட்ட போட்டா அதுங்க ஓடாது. யாருடா அதுன்னு திரும்பி பாக்கும்.

அந்த பொண்ண மொதல்ல பாத்தது முசியே வூட்ல. முசியேன்னா ஃப்ரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்சன்ல இருக்கற பெரியவரு. நம்ம தமிழ் ஆளுதான், கொழம்பு சோறுதான் சாப்புடுவாரு, ஆனா கோவம் மட்டும் ஃப்ரெஞ்சுல வரும். அவரு வூட்டு ஹால்ல மேக்கூரைய தாங்கற கட்டைங்கள்ல கரையான் ஏறிக்கிச்சி. கீழ இருந்த அலமாரியையும் வுடல. நான் டேங்க எறக்கி வெச்சி பம்பு அடிச்சிக்கினு இருக்கேன், கரையான் ஏறுன வூடுன்னு கேள்விப்பட்டு வந்த ஒரு பொண்ணு ஓடியாந்து, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, கொல்றதுக்கு முன்னாடி எனக்கு கொஞ்சம் வேணும்"னு சொல்லிச்சி. கையில ஒரு டப்பா, ஒரு சின்ன பெயிண்டு பிரஷ்ஷு. ஒவ்வொரு கரையானா அந்த பிரஷ்ஷால தள்ளி, கொயந்தைய தூளில போடற மாரி டப்பால போட்டுச்சி. இத்தன வருஷமா கரையான நான் பாத்த பார்வைக்கும் அது பாத்த பார்வைக்கும் சம்மந்தமே இல்ல.

கனகசெட்டிக்குளத்து பொண்ணு. அப்பா கடலுக்கு போறவரு. அவங்க தெருவுலருந்து இவ்ளோ தூரம் படிக்க வந்த மொத ஆளு இதுதான். அதுவும் இன்னா படிப்பு? கரையான் வவுத்துக்குள்ள இருக்கற கிருமிய பத்தி. நான் சிரிச்சேன். அது கோச்சிக்கல. கரையானால மரத்த கடிக்கத்தான் முடியும், சீரணம் பண்ண முடியாதுன்னு சொல்லிச்சி. சீரணம் பண்றதெல்லாம் வவுத்துல குடியிருக்கற பாக்டீரியாவும், அதுங்களோட இன்னும் கொஞ்சம் பெரிய கிருமிங்களுமாம். அதுங்க போயிட்டா கரையான் தின்னுக்கினே இருக்கும், ஆனா பட்டினியால செத்துப்போவும்.

"அப்ப கரையான் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"அதுங்கள சொமந்துக்கினு போயி மரத்துகிட்ட வுடறதுக்கு."

எனக்கு சட்டுனு புரிஞ்சிடுச்சி. வேலைய செய்யறது உள்ள இருக்கறவன், கெட்ட பேரு வாங்கறது வெளிய இருக்கறவன். எங்க ஓனரு கம்பெனில அப்பிடியே திருப்பி, வேலை என்னுது, நல்ல பேரு அவருது.

அன்னைக்கு வூட்டுக்கு போயி நம்ம வவுத்துக்குள்ளயும் அந்த மாரி கிருமி இருக்குதாம், அதுங்களும் நம்ம கூட சேந்து சாப்புடுதாம்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ அடுப்ப பாத்துக்கினே, "இனிமே இட்லி எத்தினி தின்னன்னு கேட்டா, நான் இல்ல, அவங்க தின்னாங்கன்னு சொல்லுவ"ன்னா.

அதுக்கப்பறம் எங்க கரையான் வேலை வந்தாலும் அந்த பொண்ணுக்கு ஃபோன் போடுவேன். அது வரும், எடுக்கும், நான் அடிப்பேன். ஒரு நாளு அது படிக்கற காலேஜிலயே கரப்பானுக்கு மருந்தடிக்கற வேலை எங்க ஓனருக்கு வந்துச்சி. ஆடி மாசம், ஒரு வியாழக்கெழம. நான் போனதும் மொதல்ல என்ன மைக்ரோஸ்கோப்புகிட்ட உக்கார வெச்சிச்சி. ஒத்த கண்ண மூடிக்கினு பாக்க சொன்னிச்சி. நான் தப்பான கண்ண மூடிட்டேன் போல. "கறுப்பா தென்னங்கீத்து மாரி பெருசு பெருசா இருக்குதும்மா"ன்னேன். அது உங்க கண் இமைண்ணே, இந்த கண்ணால பாருங்கன்னு சொல்லி தலைய திருப்பி வெச்சிச்சி.

அப்பறம்தான் பாத்தேன். தீவாளிக்கு மொத நாளு பஸ் ஸ்டாண்டு தோத்துச்சி. ஒரு கரையான் வவுத்துல அவ்ளோ கூட்டம். குச்சியா, உருண்டையா, சுருளா, எல்லாம் முட்டிக்கினு மோதிக்கினு போவுது. பெருசா ஒண்ணு நீஞ்சிக்கினு வந்துச்சி, அது ஒடம்பு பூரா சின்னதுங்க தொத்திக்கினு, டவுன் பஸ் படில பசங்க தொங்கற மாரி. நான் கண்ண எடுக்கவே இல்ல. நான் இத்தன நாளா எத்தினி பஸ் ஸ்டாண்ட மருந்தடிச்சி கவுத்திருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சி. அப்பறம் டீ வந்துச்சி, மறந்துட்டேன்.

சமாச்சாரம் இதான். மருந்து காத்துல பரவுனா அந்த பொண்ணு வளத்த கரையானும் சாவும். ஒண்ணும் பண்ணாத நல்ல கரையான் ஒரு டப்பா, வவுத்து கிருமிய மாத்தர குடுத்து கொன்ன கரையான் ஒரு டப்பா. திங்கக்கெழம அது படிப்ப சோதிக்க வெளியூர்லருந்து பெரிய ஆளுங்க வராங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி காட்டணும். மாத்தர குடுத்தது எப்பிடியும் சாவப் போறது, அத ஆபீஸ் ரூம்ல வெச்சிடலாம், மருந்து வாடை லேசா வந்தாலும் பரவால்ல. நல்ல டப்பாவதான் எங்கயாவது பத்திரமா வெக்கணும். ஹாஸ்டல்லயும் மருந்து. ஊர்ல அது வூடு தகரக் கூரை, வெயில்ல வெந்துடும், அண்ணன் புள்ளைங்க வேற பிச்சி எடுத்துடும்.

"எங்க வூட்ல வெச்சிக்கலாமே, பாண்டிலயே மருந்து படாத ஒரே வூடு"ன்னு நாந்தான் சொன்னேன். நாக்கு இருக்குதே, அது எனக்கு முன்னாடி போயி உக்காந்துக்கும்.

"பாத்துக்குவீங்களாண்ணே? படிப்ப முடிக்க எனக்கு குடுத்த டைமு முடிஞ்சிடுச்சி. இது போனா மறுபடியும் மொதல்லருந்து பண்ண முடியாது. ஊருக்கு போயி அம்மா கூட மீன் கூடைய தூக்க வேண்டிதான்." சிரிச்சிக்கினேதான் சொல்லிச்சி. ஆனா டப்பாவ என் கையில குடுத்தப்பறமும் அது கை டப்பா மேலயே இருந்துச்சி. நான் மெதுவா வாங்கிக்கினேன்.

இருட்டா வெக்கணும், ஈரம் காயக் கூடாது, ஆட்டக் கூடாது, தொறக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புச்சி. எப்பிடி இருக்குதுன்னு பாக்கறதுக்கும் ஒரு வழி சொல்லிச்சி. நல்ல கரையானுக்கு தோலு மெல்லிசு, உள்ள தின்ன மரம் கறுப்பா தெரியும். வவுறு வெளுத்தா ஆபத்து. நான் டப்பாவ துண்டுல சுத்தி, வண்டில மடியில வெச்சிக்கினு பிள்ளைச்சாவடி தாண்டி மெதுவா வரேன், பின்னாடி வர பஸ்காரன் ஹாரன் அடிச்சே தொண்டை கட்டிக்கிட்டான். பிரசவத்துக்கு என் பொண்டாட்டிய கூட்டிக்கினு போனப்ப கூட அவ்ளோ மெதுவா நான் ஓட்டல. இத அவளே பல வாட்டி சொல்லி காட்டியிருக்கா.

வூட்ல டப்பாவ மூலைல வெக்கறேன், பொண்டாட்டி பாத்துட்டா. உள்ள மண்ணு, மரத் துண்டு, பொந்து பொந்தா ஏதோ.

"இன்னாய்யா இது?"

கரையான்னு சொன்னா டப்பாவும் நானும் ஒண்ணா தெருவுக்கு போயிருப்போம். யோசிக்காம ஒண்ணு வந்துச்சி வாயில. "அம்மன் கோயிலு புத்து மண்ணு. ஒருத்தரு பத்திரமா வெச்சிக்க சொல்லி குடுத்துகிறாரு. தொடாத."

வேற மாசமா இருந்தா தப்பிச்சிருப்பேன். ஆடி. மறுநாளு வெள்ளிக்கெழம. புத்த கொண்டாந்து வூட்டு மூலைல வெச்சிட்டு, பாலு ஊத்தாம இருடின்னு எந்த பொம்பளகிட்டயாவது சொல்ல முடியுமா?

காலைல நான் வேலைக்கு கெளம்பிட்டேன். சாயங்காலம் வந்து பாக்கறேன், எங்க வூட்டு வாசல்ல கோலம், செருப்பா குவிஞ்சி கெடக்குது. உள்ள ஊதுவத்தி புகை. டப்பா மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். சுத்தி மஞ்சளு, குங்குமம், வேப்பல. உள்ள பாலு. பாலுக்கு மேல முட்ட. பக்கத்து வூட்டுக்காரி கன்னத்துல போட்டுக்கினு, எந்த ஊரு அம்மன்னு என்ன கேட்டா. அதுக்குள்ள ஒருத்தி புள்ள வரம் கேட்டுட்டு போயிட்டாளாம்.

எல்லாரையும் அனுப்பிட்டு பொண்டாட்டிகிட்ட உண்மைய சொன்னேன். இது புத்து இல்லடி, கரையான்னேன்.

அவ என்ன ஏற எறங்க பாத்தா. "கரையான் இல்லாம புத்து எங்கேந்துய்யா வரும்?"

நான் போயி ஊதுவத்திய அணைச்சேன்.

ஆனா அந்த பொண்ணு படிப்பே இதுலதான் நிக்குதுன்னு சொன்னதும் அவ மூஞ்சி மாறிடுச்சி. முந்தானையால பாலை ஒத்தி ஒத்தி எடுத்தா. பாதிக்கு மேல மெதந்துக்கினு கெடந்துச்சி. மரத் துண்டுக்கு அடில ஒதுங்குன கொஞ்சம் மட்டும் நெளிஞ்சிது. வவுத்த பாத்தேன். வெந்த அரிசி மாரி வெளுத்திருந்துச்சி.

ஃபோன் போட்டேன். பாலு ஊத்துனத சொன்னேன். "மஞ்சளும் போட்டீங்களாண்ணே?"ன்னு மட்டும் அந்த பொண்ணு கேட்டுச்சி. அடுத்த பஸ்ஸ புடிச்சி வந்துடுச்சி. திட்டும்னு நெனச்சேன். திட்டல. கீழ உக்காந்து ஒவ்வொண்ணா பிரஷ்ஷால எடுத்து புது டப்பால வுட்டுச்சி. செத்ததையும் தனியா எண்ணி வெச்சிச்சி, அதான் எனக்கு திட்டுனத வுட கஷ்டமா இருந்துச்சி.

மஞ்சளா, பாலா, பயமான்னு தெரியல, வவுத்துல இருந்ததெல்லாம் வெளிய போயிடுச்சின்னு சொல்லிச்சி. இப்ப இதுங்களுக்கு மரம் குடுத்தும் பிரயோசனம் இல்ல, உள்ள வேலை செய்யற ஆளு இல்ல. என் பொண்டாட்டி, எங்க வூட்ல இருக்கற வவுத்துவலி டானிக்க கொண்டாரட்டுமான்னு கேட்டா. பாவம், நீ டாக்டருக்குதான படிக்கற பாப்பான்னும் கேட்டா. அது டாக்டரு பட்டம்தான்க்கா, ஊசி போடற டாக்டரு இல்ல, இன்னும் வாங்கவும் இல்லன்னு சொல்லிச்சி. சரி, வாங்குனப்பறம் கூப்புடறேன், அதுவரைக்கும் பாப்பாதான்னுட்டா இவ.

ஒரு வழி இருக்குதுன்னு அந்த பொண்ணு சொல்லிச்சி. கரையானுங்க ஒண்ணுக்கு ஒண்ணு ஊட்டிக்குமாம். வாயால மட்டும் இல்ல, பின்பக்கத்தாலயும். பொறந்த குஞ்சிக்கும், தோலு உரிச்ச கரையானுக்கும் வவுத்துல கிருமி வர்றதே அப்பிடித்தானாம். நல்ல கரையான இதுங்களோட சேத்து வுட்டா திரும்ப கெடைக்கலாம்.

நான் மூஞ்சிய சுளிச்சேன். என் பொண்டாட்டி சுளிக்கல. "உறை மோரு மாரின்னு சொல்லு. பாலு நம்மளுது, உறை பக்கத்து வூட்டுது."

"அதேதான்க்கா. ஆனா உறை அதே குடும்பத்துதா இருக்கணும். வேற கூட்டத்துத வுட்டா கடிச்சி கொன்னுடும். இதுங்க முசியே வூட்டுது. அங்கதான் அண்ணன் மருந்தடிச்சிட்டாரே." சொல்லிட்டு டப்பாவ மூடிச்சி. அழுவல. அழுதா கூட தேவலாம்.

நான் தொண்டைய செருமுனேன். எங்கிட்ட இருக்கற ஒரு நல்ல கொணம் அன்னைக்குதான் ஒதவுச்சி. எனக்கு ஏணின்னா பயம். கீழ நின்னு வானத்த பாத்தாலே தல சுத்தும். முசியே வூட்ல அலமாரிக்கு அடிச்சேன், செவுத்துக்கு கை எட்ற வரைக்கும் அடிச்சேன். மேக்கூரை கட்டைக்கு கீழருந்தே பம்ப தூக்கி காட்டிட்டு, அது மேல படல, என் மேலதான் பட்டுச்சி, முடிஞ்சிடுச்சி முசியே, ஃபினின்னு அவரு பாஷையிலயே சொல்லிட்டு வந்துட்டேன்.

"அப்ப மேல இருக்குதா?"ன்னு எழுந்துடுச்சி அந்த பொண்ணு.

"எனக்கு தெரிஞ்சி சௌக்கியமா இருக்கும்."

என் பொண்டாட்டி ஏதோ சொல்ல வாய தொறந்தா. அப்பறம் கடியாரத்த பாத்துட்டு, வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சப்பறம் யாரும் வூட்டுலருந்து உறை குடுக்க மாட்டாங்க, ஓடுங்கன்னா. முசியே சர்ச்சுக்கு போறவரு, அவருக்கு அந்த கணக்கெல்லாம் இல்லடின்னேன். உறைக்கு இருக்குதுய்யான்னா. வண்டில அந்த பொண்ண ஏத்திக்கினு போனேன். இந்த வாட்டி மெதுவா ஓட்டல.

முசியே கதவ தொறந்தாரு. நான் வணக்கம் வெச்சி, "முசியே, உங்க வூட்ல இன்னும் கரையான் இருக்குது"ன்னேன்.

"நீதான ஃபினின்னு சொன்ன?"

"கீழ ஃபினி முசியே."

மேல பாத்தாரு. என்ன பாத்தாரு. ஃப்ரெஞ்சுல ஆரம்பிச்சாரு. எனக்கு ஃபினிய வுட்டா மெர்சியும் போன்ழூரும்தான் தெரியும், அது ரெண்டும் அதுல வரல. நல்ல மழைல மரத்தடில நிக்கற மாரி தலைய குனிஞ்சி நின்னேன். ஓய்ஞ்சப்பறம் அந்த பொண்ணு வெவரத்த சொல்லிச்சி, திங்கக்கெழமைய பத்தி, டைமு முடிஞ்சத பத்தி. அப்பறம் உள்ள போயி அவரே ஏணிய இழுத்துக்கினு வந்தாரு.

"உனக்கு வேண்டியத எடுத்துக்க பொண்ணே. மிச்சத்துக்கு இவன் ஏறி மருந்தடிப்பான். நான் இங்கயே நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன்."

அது ஏறுச்சி. நான் கண்ண மூடிக்கினு ஏணிய புடிச்சேன். மேலருந்து ஒரே தூசி, மர மாவு, அப்பறம் அது சிரிக்கற சத்தம். "அண்ணே, அவ்ளோ பேரு இருக்காங்கண்ணே. எல்லாருக்கும் வவுறு கறுப்புண்ணே." என் வேலைய யாரும் அவ்ளோ சந்தோசமா பாராட்டுனது இல்ல.

வூட்டுக்கு வந்து ரெண்டையும் சேத்து வுட்டோம். அந்த பொண்ணுக்கு ஒரு பயம், மஞ்ச வாசனைக்கு சொந்தக்காரங்களே அடையாளம் தெரியாம கடிச்சிடுமோன்னு. கறுப்பு வவுறு ஒண்ணு வந்துச்சி. வெள்ள வவுற மீசையால தடவி தடவி பாத்துச்சி. மூணு பேரும் மூச்சே வுடல. அப்பறம் அது திரும்பி நின்னு பின்பக்கத்த காட்டுச்சி. எங்க சொந்தத்துல எவனாவது அப்பிடி காட்டுனா சண்டதான் வரும். இங்க வெள்ள வவுறு கிட்ட வந்து வாய வெச்சிச்சி. என் பொண்டாட்டி மெதுவா, "உறை வுழுந்துடுச்சி"ன்னா.

இது பொழச்சா நல்லாவே இருக்கும்ண்ணே, கிருமி போனா சாவுது, திரும்பி வந்தா பொழைக்குதுன்னு ரெண்டையும் காட்டலாம்னு அந்த பொண்ணு சொல்லிட்டு போச்சி. டப்பாவ எங்ககிட்டயே வுட்டுட்டு. எங்கள நம்பி. அதுதான் எனக்கு இன்னும் புரியல.

சனி, ஞாயிறு எங்க வூட்ல யாரும் சத்தமா பேசல. ஊதுவத்தி கெடையாது, தாளிப்பு கெடையாது. மொளகா வெடிச்சா அதுங்களுக்கு ஆவாதுன்னு பொண்டாட்டி ரெண்டு நாளும் மோரு சோறு போட்டா. புள்ள வரம் கேட்டவ வந்து அம்மன் எங்கன்னா, அம்மனுக்கு ஒடம்பு சரியில்ல, போயிட்டு அப்பறம் வான்னு அனுப்பிட்டா. நான் மணிக்கொரு வாட்டி டப்பாகிட்ட போவேன், மூடிய தொடுவேன், பின்னாலருந்து இவ, "கைய எடு"ன்னுவா. பாக்காமலே சொல்லுவா.

திங்கக்கெழம விடிஞ்சதும் அந்த பொண்ணு வந்துடுச்சி. நல்ல பொடவ கட்டிக்கினு, தலைல கனகாம்பரம். டப்பாவ வெளிச்சத்துக்கு கொண்டாந்து வெச்சிது. மூடிய எடுத்துச்சி. குனிஞ்சி பாக்குது. நான் எட்டி பாக்கறேன், அது தலைதான் தெரியுது, பூதான் தெரியுது. என் பொண்டாட்டி என் சட்டைய புடிச்சிக்கினு நிக்கறா. அந்த பொண்ணு பிரஷ்ஷ எடுத்து, ஒரு கரையான மெதுவா திருப்பி, வவுத்த

"யோவ், எவ்ளோ நேரம் அந்த ஃபோன்கிட்டயே பேசிக்கினு இருப்ப? டாக்டரம்மா வாசல்ல நிக்கிறாங்க. கையில டப்பா வேற வெச்சிருக்காங்க. வந்து வாங்கி வெய்யி, மூலைய பெருக்கிட்டேன்."

தோ, வந்துட்டேன்.